ஆறு மணிக்கு மேல் அடிக்கும் மணி: ஒரு சிறு அலுவலகத்தின் ஆன்சரிங் மெஷினும் கால் ஃபார்வர்டிங்கும்

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆவணங்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் மொழிபெயர்த்துத் தரும் சிறிய அலுவலகம் ஒன்றை நடத்தி வருகிறேன். என்னையும் சேர்த்து நான்கு பேர் வேலை செய்கிறோம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் அறையும் உண்டு. அது செவ்வாய், வெள்ளி ஆகிய இரண்டு நாட்கள் மட்டுமே திறந்திருக்கும். எங்கள் வாடிக்கையாளர்களில் கணிசமானோர் பிரான்சில் குடியேறிய புதுச்சேரி, காரைக்கால் குடும்பத்தினர். பிறப்புப் பதிவு, திருமணப் பதிவு, ஓய்வூதியக் காகிதம் என்று ஏதாவது ஒன்று அவர்களுக்கு இங்கிருந்து தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும். நாங்கள் மாலை 6 மணிக்குக் கதவைச் சாத்தும்போது பாரிசில் கோடைகாலமானால் பிற்பகல் 2:30, குளிர்காலமானால் 1:30. அங்கே சாப்பாடு முடிந்து, காகிதக் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு போனை எடுக்கிற நேரம் எதுவோ, அதுவே இங்கே நாங்கள் பூட்டுப் போடுகிற நேரம். பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் எழுதிவிடுகிறார்கள். அறுபதைத் தாண்டியவர்கள் இன்னமும் தொலைபேசியில்தான் கூப்பிடுகிறார்கள், அதுவும் பல வருடங்களுக்கு முன் டைரியில் குறித்து வைத்த, 0413 என்று தொடங்கும் எங்கள் லேண்ட்லைன் எண்ணில்.

இந்த அழைப்புகளைப் பிடிப்பதற்காக 2024 ஜூன் மாதத்தில், செய்தியைப் பதிவு செய்துகொள்ளும் ஆன்சரிங் மெஷின் உள்ள கார்ட்லெஸ் தொலைபேசி ஒன்றை வாங்கிப் புதுச்சேரி லேண்ட்லைனில் பொருத்தினோம். கடலூர் அறையின் லேண்ட்லைனுக்கும் அலுவலகப் பொதுக் கைப்பேசிக்கும் வரும் அழைப்புகள், எடுக்க ஆளில்லாதபோது, அழைப்பை வேறு எண்ணுக்குத் திருப்பி விடும் கால் ஃபார்வர்டிங் மூலம் இதே மெஷினுக்கு வந்து சேர வேண்டும் என்பது திட்டம். ஓராண்டுக்கு மேல் பயன்படுத்திய பிறகு எழுதும் மதிப்புரை இது. மெஷினைத் தயாரித்த நிறுவனம், விற்ற கடை, தொலைபேசி இணைப்பு தந்தவர்கள் யாருடைய பெயரையும் நான் குறிப்பிடப் போவதில்லை. நாங்கள் பட்ட பாட்டில் பெரும்பகுதி ஒரு நிறுவனத்தின் குறை அல்ல. இருவேறு சேவைகள் சந்திக்கும் இடத்துக்கு யாரும் பொறுப்பேற்காததால் வந்தது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மெஷின் கொடுத்த காசுக்குத் தகும். அழைப்பை அதனிடம் கொண்டுவந்து சேர்க்கும் ஏற்பாடுதான் எங்களைச் சில வாரங்கள் படுத்தியெடுத்தது.

விலை ஐயாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. ஒரு தளமும் (பேஸ் யூனிட்) இரண்டு ரிசீவர்களும் உண்டு. மொத்தப் பதிவு நேரம் அரை மணிக்கும் குறைவு; ஒரு செய்திக்கு ஒரு நிமிடம் அல்லது மூன்று நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். எத்தனையாவது மணியில் மெஷின் எடுக்க வேண்டும் என்பதை இரண்டு முதல் ஏழு வரை தேர்ந்தெடுக்கலாம். வெளியூரிலிருந்து அதே எண்ணுக்குக் கூப்பிட்டு, மூன்று இலக்க ரகசிய எண்ணை அழுத்திப் பதிவானவற்றைக் கேட்கலாம். கடைக்காரர் அரை மணி நேரத்தில் பொருத்திவிட்டு, “மெஷினை வெச்சாச்சு சார், இனிமே அது பார்த்துக்கும்” என்று சொல்லிக் கிளம்பினார். கடலூர் இணைப்பையும் கைப்பேசியையும் எப்படித் திருப்பி விடுவது என்று கேட்டதற்கு, அது தொலைபேசிக் கம்பெனி சமாச்சாரம் என்றார். தொலைபேசி நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையிலோ, மெஷின் எத்தனையாவது மணியில் எடுக்கும் என்பது தங்களுக்குத் தொடர்பில்லாத விஷயம் என்றார்கள். இருவர் சொன்னதும் உண்மைதான். கால் ஃபார்வர்டிங் என்பது தொலைபேசி வலையமைப்புக்குள் இருக்கிறது. ஆன்சரிங் மெஷின் மேசை மேல் இருக்கிறது. ஒன்றுக்கு மற்றொன்று இருப்பதே தெரியாது. இந்த ஒரு விஷயம் மனத்தில் பதிந்த பிறகுதான் எங்களுக்கு மற்றதெல்லாம் விளங்கத் தொடங்கியது.

கால் ஃபார்வர்டிங் என்று ஒரே பெயரில் சொன்னாலும் கைப்பேசியில் அது நான்கு தனித்தனி ஏற்பாடுகள். எல்லா அழைப்புகளையும் திருப்புவது ஒன்று. வேறு ஒருவருடன் பேசிக்கொண்டிருக்கும்போது வருவதைத் திருப்புவது ஒன்று. மணி அடித்தும் எடுக்காததைத் திருப்புவது ஒன்று. போன் அணைந்திருந்தாலோ சிக்னல் இல்லாவிட்டாலோ திருப்புவது ஒன்று. கைப்பேசி வலையமைப்புகளுக்குப் பொதுவான ஜிஎஸ்எம் முறையின் குறியீடுகளில் இவை முறையே 21, 67, 61, 62. பகலில் நாமே எடுத்துப் பேச விரும்பும் அலுவலகத்துக்கு முதல் வகை ஆகாது. மற்ற மூன்றும் தேவை. மூன்றையும் போனின் செட்டிங்ஸில் ஒவ்வொன்றாக நிரப்ப வேண்டியிருந்தது. இரண்டு சிம் உள்ள கைப்பேசியில் ஒவ்வொரு சிம்முக்கும் தனியாகச் செய்ய வேண்டும் என்பதை நாங்கள் ஒரு வாரம் கழித்தே கவனித்தோம். எங்கள் போன் வைஃபையில் இருந்தவரை, மாற்றத்தைச் சேமிக்க முடியவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தது. வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவுக்கு மாற்றியபோது உடனே ஏற்றுக்கொண்டது. கால் வெயிட்டிங் இயங்கிக்கொண்டிருந்தால், பேசிக்கொண்டிருக்கும்போது வரும் இரண்டாவது அழைப்பு திருப்பப்படாமல் காத்திருப்பில் நிற்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 67 வேலை செய்யவில்லை என்று நாங்கள் மூன்று முறை புகார் செய்த பிறகு தெரிந்த காரணம் அதுதான்.

எடுக்காத அழைப்பைத் திருப்புவதில்தான் முழு நுணுக்கமும் இருக்கிறது, ஆகவே இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன். எடுக்காத அழைப்பு என்றால் எத்தனை வினாடி எடுக்காத அழைப்பு? ஜிஎஸ்எம் முறைப்படி 5 முதல் 30 வினாடி வரை, ஐந்து ஐந்தாக இந்தக் காலத்தை வைக்கலாம். அந்த நேரம் முடிந்ததும் அழைப்பு நம் லேண்ட்லைனுக்குத் திரும்பி அங்கே மறுபடியும் முதலிலிருந்து மணி அடிக்கத் தொடங்கும். நம் நாட்டு லேண்ட்லைன் மணி இரட்டை மணி; இரண்டு சிறு ஒலிகளும் அதைத் தொடரும் இரண்டு வினாடி மௌனமும் சேர்ந்து ஒரு சுற்றுக்கு மூன்று வினாடி ஆகும். கைப்பேசியில் 20 வினாடி, மெஷினில் ஐந்தாவது மணி என்று வைத்தால், கூப்பிட்டவர் ஏறத்தாழ 35 வினாடி வெறும் மணியோசையைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். நாங்கள் முதலில் வைத்தது அப்படித்தான். முதல் வாரத்தில் கைப்பேசியில் தவறிய அழைப்புகளாகப் பதிவானவை ஏராளம். மெஷினில் பதிவான செய்திகளோ இரண்டே இரண்டு. எல்லோரும் மெஷின் எடுப்பதற்கு முன்பே வைத்துவிட்டிருக்கிறார்கள். உங்கள் காதில் போனை வைத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி 35 வினாடி காத்திருந்து பாருங்கள்; அது எவ்வளவு நீளம் என்பது தெரியும்.

அந்தக் காலத்தை 30 வினாடி என்று வைப்பது இதைவிட மோசம். எடுக்காத அழைப்புக்குக் கைப்பேசியில் 30 வினாடியும் லேண்ட்லைனில் 60 வினாடியும் மணி அடிக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2019 நவம்பரில் வரையறுத்தது. திருப்பும் காலத்தையும் அதே 30 வினாடியில் வைத்தால், அழைப்பு திரும்புமா துண்டிக்கப்படுமா என்பது ஓட்டப் பந்தயத்தில் இருவர் ஒரே நேரத்தில் கோட்டைத் தொடுவது போன்ற நிலைமை. கடைசியில் நாங்கள் கைப்பேசியில் 15 வினாடி, மெஷினில் பகலில் நான்காவது மணி, மாலையில் இரண்டாவது மணி என்று அமைத்துக்கொண்டோம். கூப்பிடுபவர் இப்போது மாலையில் ஏறத்தாழ இருபது வினாடியில் எங்கள் குரலைக் கேட்டுவிடுகிறார். கிளம்பும்போது மெஷினில் நான்கை இரண்டாக மாற்றுவது, விளக்கை அணைப்பது போல ஒரு வழக்கமாகிவிட்டது. ஒரே குறை, போனின் செட்டிங்ஸில் எத்தனை வினாடி என்று கேட்கும் இடமே இல்லை. அதற்கு **61* என்று தொடங்கி, எண்ணை எழுதி, *11*15# என்று முடிக்கும் குறியீட்டை அழுத்த வேண்டும். எங்களிடமிருந்த இரண்டு சிம்களில் ஒன்று இதை ஏற்றுக்கொண்டது, மற்றொன்று ஏற்கவில்லை. ஏற்றுக்கொண்ட சிம்மையே அலுவலக எண்ணாக வைத்துக்கொண்டோம்.

மெஷினில் தானியங்கி என்று ஓர் அமைப்பும் இருக்கிறது. புதிய செய்தி ஏதும் இருந்தால் இரண்டாவது மணியிலேயே எடுக்கும். இல்லாவிட்டால் ஐந்தாவது மணி வரை காத்திருக்கும். எஸ்டிடி கட்டணம் கூடுதலாக இருந்த காலத்தில் வெளியூரிலிருந்து தன் மெஷினையே கூப்பிட்டுப் பார்ப்பவருக்கு இது நல்ல யுக்தி. மூன்றாவது மணி அடித்தால் செய்தி எதுவும் இல்லை என்று புரிந்துகொண்டு, காசு போகும் முன் வைத்துவிடலாம். இன்றைக்கு, ஃபார்வர்டிங்குடன் சேர்த்து வைத்தால், அது வினாடிக் கணக்கு முழுவதையும் குலைத்துவிடும். அதை அணைத்துவிடுவதே நல்லது.

இரண்டாவது வாரத்தில் ஒரு விசித்திரம் நடந்தது. கைப்பேசிக்குக் கூப்பிட்டவர்கள் சிலர், சிறிது நேரம் மணி அடித்துப் பிறகு ஒன்றுமே இல்லாமல் லைன் அறுந்துபோகிறது என்றார்கள். காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. பல ஆண்டுகளுக்கு முன், மெஷின் இல்லாத காலத்தில், லேண்ட்லைனை யாரும் எடுக்காவிட்டால் கைப்பேசிக்குத் திருப்பும்படி நாங்களே எழுதிக் கொடுத்திருக்கிறோம். அது இன்னமும் இயங்கிக்கொண்டிருந்தது. கைப்பேசி எடுக்காதபோது அழைப்பு லேண்ட்லைனுக்குப் போகிறது; லேண்ட்லைன் எடுக்காதபோது அதே அழைப்பு கைப்பேசிக்கே திரும்புகிறது; வலையமைப்பு இதை ஓர் எல்லைக்கு மேல் அனுமதிக்காமல் துண்டிக்கிறது. இரண்டு வீட்டுக்காரர்களும் விருந்தாளியை எதிர் வீட்டுக்குக் கைகாட்டிவிட்ட கதை. புதிதாக ஃபார்வர்டிங் வைப்பவர்கள், முதலில் பழையது ஏதேனும் உயிரோடிருக்கிறதா என்று ஒவ்வோர் எண்ணிலும் பார்த்து நீக்கிவிட்டுத் தொடங்குவது புத்திசாலித்தனம்.

கடலூர் லேண்ட்லைனில் வேறு மாதிரியான சிக்கல் வந்தது. அறை மூடியிருக்கும் நாட்களில் எல்லா அழைப்புகளையும் புதுச்சேரிக்குத் திருப்ப வேண்டும். அதற்கான குறியீடு இணைப்பகத்துக்கு இணைப்பகம் வேறுபடும் என்பதால் அங்கேயே கேட்டுப் பெற்றோம். புதுச்சேரி எண்ணை 0413 சேர்த்துக் கொடுத்தபோது சரியாக வந்தது. ஒரு மழை நாளில், மெஷினுக்கு அனுப்பாமல் என் கைப்பேசிக்கே திருப்பலாம் என்று பத்து இலக்க எண்ணைக் கொடுத்தபோதுதான் வேலை செய்யவில்லை. 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து எந்தக் கைப்பேசிக்குக் கூப்பிட்டாலும் முன்னால் 0 சேர்க்க வேண்டும் என்பது விதி. விரலுக்குத் தெரிந்த அந்த விதி, ஃபார்வர்டிங் எண் கொடுக்கும்போது மனத்துக்கு வரவில்லை. இதற்கு நேர்மாறாக, கைப்பேசியிலிருந்து லேண்ட்லைனுக்குத் திருப்பும்போது +91 போட்டு, 0 இல்லாமல் 413 என்று தொடர்வது பாதுகாப்பானது. ரோமிங்கில் இருந்தாலும் தவறாது. திருப்பி விடப்படும் பகுதிக்கான அழைப்புச் செலவு கூப்பிட்டவருக்கு அல்ல, திருப்பி விட்டவருக்குத்தான் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். வரம்பற்ற அழைப்புத் திட்டத்தில் அது உள்ளடங்குகிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

குறியீடுகளைப் பற்றிப் பேசும்போது மோசடியைச் சொல்லாமல் விட முடியாது. கூரியர் வந்திருக்கிறது, சிம் காலாவதியாகிறது என்றெல்லாம் சொல்லி, *401* என்று தொடங்கும் எண்ணை அழுத்தச் செய்து, நம் அழைப்புகளைத் தங்கள் பக்கம் திருப்பிக்கொள்ளும் கும்பல்கள் இருக்கின்றன. இதன் காரணமாக, யூஎஸ்எஸ்டி எனப்படும், *401* போன்ற குறியீடுகள் வழியாக அழைப்பைத் திருப்பும் சேவையை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தி வைக்கும்படி மத்தியத் தொலைத்தொடர்புத் துறை, தொலைபேசி நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. ஆகவே செட்டிங்ஸ் வழியாகச் செய்ய முடிந்ததை அதன் வழியாகவே செய்யுங்கள்; முன்பின் தெரியாதவர் சொல்லும் குறியீட்டை ஒருபோதும் அழுத்தாதீர்கள். எங்களுக்கு நேர்ந்ததோ இதன் மறுபக்கம். இந்த மோசடி பற்றி வாட்ஸ்அப்பில் வந்த எச்சரிக்கை ஒன்றைப் படித்த எங்கள் அலுவலகத் தம்பி, அதில் சொல்லியிருந்தபடி அலுவலகக் கைப்பேசியில் ##002# என்று அழுத்தியிருக்கிறார். அந்தக் குறியீடு எல்லா வகை ஃபார்வர்டிங்கையும் ஒரேயடியாக நீக்கிவிடும். திருடன் வைத்ததும் போகும், நாம் வைத்ததும் போகும். ஒரு வெள்ளிக்கிழமை மாலை இப்படி நடந்து, திங்கட்கிழமை மெஷினில் செய்தியே இல்லாதபோது அமைதியான வார இறுதி என்று நாங்கள் மகிழ்ந்துகொண்டிருந்தோம். தம்பியைக் கோபிக்க முடியவில்லை. அவர் செய்தது எச்சரிக்கையான காரியம்தான். இப்போது அந்தக் கைப்பேசியின் பின்பக்கம் ஒரு சிறு காகிதம் ஒட்டியிருக்கிறது. திங்கள் தோறும் *#61#, *#62#, *#67# மூன்றையும் அழுத்தி நம் எண்ணே வருகிறதா என்று பார்க்க வேண்டும், *#21# அழுத்தி அது நிறுத்தத்தில் இருப்பதை உறுதி செய்ய வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறோம்.

வங்கிக் கணக்கோடு இணைந்த எண்ணை மெஷினுக்குத் திருப்பக் கூடாது என்பதையும் அனுபவத்தில் கற்றோம். ஓடிபியைக் குரல் அழைப்பில் சொல்லும் வசதி பல சேவைகளில் உண்டு. அந்த அழைப்பை நாம் எடுக்காவிட்டால் மெஷின் எடுத்து, ஆறு இலக்கங்களையும் அழகாகப் பதிவு செய்து, காலையில் முதலில் வருபவருக்குப் போட்டுக் காட்டும். நாங்கள் வங்கிக்கு வேறு எண் கொடுத்துவிட்டோம்.

இனி மெஷினைப் பற்றி. பெட்டியிலிருந்து எடுத்ததும் அதில் இருப்பது ஆங்கிலத்தில் ஒரு பெண்குரல். முதல் வாரத்தில் பாரிசிலிருந்து கூப்பிட்ட ஒரு பெரியம்மா, மறுநாள் பகலில் எங்களைப் பிடித்து, “யாரோ ஒரு பொண்ணு இங்கிலீஷ்ல ஏதோ சொல்லிட்டு டொய்ங்குன்னு சத்தம் குடுக்குது தம்பி, நீங்க ஆபீசை வித்துட்டீங்களோன்னு பயந்துட்டேன்” என்றார். அன்று மாலையே எங்கள் குரலில் வாழ்த்துச் செய்தியைப் பதிவு செய்தோம். முதலில் தமிழ், அடுத்து பிரெஞ்சு, கடைசியில் ஆங்கிலம். மூன்று மொழியிலும் முழு விவரம் சொல்லப்போய் அது ஒரு நிமிடத்தைத் தாண்டிவிட்டது. அதைக் கேட்டு முடிப்பதற்குள் மேலும் சிலர் வைத்துவிட்டார்கள். இப்போது தமிழில் இரண்டு வாக்கியம், மற்ற இரண்டு மொழிகளில் ஒவ்வொரு வாக்கியம், மொத்தம் இருபத்தைந்து வினாடி. “வணக்கம். அலுவலகம் மூடியிருக்கிறது, ஒலி கேட்டதும் உங்கள் பெயரையும் எண்ணையும் சொல்லுங்கள், காலை பத்து மணிக்குள் நாங்களே கூப்பிடுகிறோம்” என்று நேரத்தோடு சொன்ன பிறகுதான் செய்தி விடுபவர்கள் கூடினார்கள். எப்போது திரும்பக் கூப்பிடுவோம் என்று சொல்லாதவரை, மெஷினிடம் பேசுவது சுவரோடு பேசுவது என்றே மக்கள் நினைக்கிறார்கள்.

இருந்தாலும் உள்ளூர்க்காரர்கள் பலர் இன்னமும் பேசுவதில்லை. தவறிய அழைப்பைப் பார்த்து நாம்தான் திரும்பக் கூப்பிட வேண்டும் என்பது நம் ஊர் வழக்கம். மிஸ்டு கால் என்பதையே ஒரு செய்தியாக ஆக்கியவர்கள் நாம். அதனால் மெஷினில் ஒரு நாளைக்கு மூன்று நான்கு வெற்றுப் பதிவுகள் இருக்கும். கூப்பிட்டவர் ஒலி கேட்டதும் வைத்துவிடுவார். லைன் துண்டானதை உடனே உணராத மெஷின் அதற்குப் பின் வரும் எங்கேஜ்ட் டோனைச் சிறிது நேரம் பதிவு செய்துவிட்டு நிறுத்தும். காலையில் அந்த ஓசையைக் கேட்டுக் கேட்டு அழிப்பதுதான் இந்த ஏற்பாட்டின் மிகச் சலிப்பான வேலை. பிரான்சிலிருந்து பேசுபவர்களுக்கோ மெஷின் பழகிப்போன ஒன்று. அவர்கள் நன்றாகவே பேசுகிறார்கள், சில சமயம் வேண்டியதற்கு மேலாகவே. அலுவலகத்தில் எல்லோருடைய நலத்தையும் விசாரித்து, புதுச்சேரியில் மழை உண்டா என்று கேட்டு, விஷயத்துக்கு வரும்போது ஒரு நிமிடம் முடிந்து மெஷின் நிறுத்திவிடும். செய்தியின் நீளத்தை மூன்று நிமிடமாக மாற்றிய பிறகு இந்தக் குறை தீர்ந்தது. ஆனால் அதனால் நீண்ட விடுமுறை நாட்களில் நினைவகம் நிரம்பிவிடுகிறது. நிரம்பிய மெஷின் எடுக்கும், ஆனால் பதிவு செய்யாது. மூன்று நாள் பொங்கல் விடுமுறையில் இரவுதோறும் வீட்டிலிருந்து கூப்பிட்டு, கேட்டுவிட்டுப் பழையதை அழித்துக்கொண்டிருந்தேன்.

அப்படி வெளியிலிருந்து கேட்கும் வசதி எந்தச் சிக்கலும் இல்லாமல் வேலை செய்கிறது. ரகசிய எண்ணைத் தயாரிப்பாளர் வைத்தபடியே விட்டுவிடாமல் முதல் நாளே மாற்றிக்கொள்ள வேண்டும். மூன்றே இலக்கம் என்பதால் பிறந்த தேதி, கதவிலக்கம் போன்றவை வேண்டாம். இன்னொன்று, மெஷின் பதிவு செய்யும்போதே பேசுபவரின் குரல் ஒலிபெருக்கியில் கேட்கும். யார் என்று தெரிந்துகொண்டு எடுக்கலாம் என்பதற்காக வைத்த வசதி அது. எங்கள் வரவேற்பு மேசைக்கு எதிரில் வாடிக்கையாளர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவருடைய மணவிலக்குக் காகிதத்தைப் பற்றி மற்றவர் கேட்க நேர்வது தகாது. ஒலியை முற்றிலும் குறைத்துவிட்டோம். காலையில் ரிசீவரைக் காதில் வைத்துக் கேட்டு, ஒரு நோட்டில் தேதி, நேரம், பெயர், விஷயம் என்று எழுதிய பிறகே அழிக்கிறோம்.

மெஷினால் முடியாத ஒன்று, அழைப்பு எந்த எண்ணுக்கு வந்து திரும்பியது என்பதைச் சொல்வது. திரையில் கூப்பிட்டவரின் எண் தெரியும். அவர் கடலூருக்குக் கூப்பிட்டாரா, கைப்பேசிக்கா, நேராகப் புதுச்சேரிக்கா என்பது தெரியாது. ஆகவே எல்லோருக்கும் ஒரே வாழ்த்துச் செய்திதான். இது சாதாரண நாளில் உறுத்தாது. ஆகஸ்ட் 16 அன்று உறுத்தியது. பிரெஞ்சுப் பகுதிகள் 1962-இல் சட்டப்படி இந்தியாவுடன் இணைந்த நாள் என்பதால் அன்று புதுச்சேரியில் விடுமுறை. இருபத்தைந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் கடலூரில் வேலைநாள். நவம்பர் 1-உம் அப்படியே. முதல் ஆண்டு, இன்று விடுமுறை என்று பொதுவாகச் சொல்லிவைத்ததைக் கேட்ட கடலூர்க்காரர்கள் என்ன விடுமுறை என்று குழம்பினார்கள். இப்போது, புதுச்சேரி அலுவலகத்துக்கு இன்று விடுமுறை, கடலூர் அலுவலகம் வெள்ளிக்கிழமை திறக்கும் என்று ஊர்ப் பெயரோடு பதிவு செய்கிறோம்.

மின்சாரம் பற்றிச் சொல்ல வேண்டும். செம்புக் கம்பி இருந்தவரை இணைப்பகத்திலிருந்தே 48 வோல்ட் வரும். ஊரே இருண்டிருந்தாலும் சாதாரண போனில் டோன் கேட்கும். எங்கள் இணைப்பு ஃபைபருக்கு மாறிவிட்டது. இப்போது போன் செருகப்படுவது மோடத்தில். மோடத்துக்கு மின்சாரம் வேண்டும், கார்ட்லெஸ் தளத்துக்கும் மின்சாரம் வேண்டும். இரண்டில் ஒன்று அணைந்தாலும் மெஷின் இல்லை. இரண்டையும் ஒரே யூபிஎஸ்ஸில் வைத்திருக்கிறோம். வழக்கமான மின்தடைக்கு அது போதும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்து, ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது அது போதவில்லை. யூபிஎஸ் ஓய்ந்த பிறகும் வலையமைப்பில் இருந்த ஃபார்வர்டிங் தன் கடமையைச் செய்துகொண்டே இருந்தது. கடலூர் அழைப்பையும் கைப்பேசி அழைப்பையும் சோர்வில்லாமல் ஓர் உயிரற்ற மேசைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. உறவினர்களின் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்ததா என்று கேட்கக் கூப்பிட்ட பிரான்ஸ் வாடிக்கையாளர்களுக்கு எங்கள் மூன்று எண்களும் மௌனம். மின்சாரம் திரும்பி வந்தபோது மெஷினில் பழைய செய்திகள் பத்திரமாக இருந்தன. கடிகாரம் மட்டும் போய்விட்டிருந்தது, அதை மறுபடி சரிசெய்யாமல் விட்டதால் ஒரு வாரச் செய்திகளுக்குத் தவறான நேரம் பதிவானது. இப்போதெல்லாம் வானிலை மையம் புயல் எச்சரிக்கை கொடுத்த அன்றே, மின்சாரம் இருக்கும்போதே, லேண்ட்லைனையும் கைப்பேசியையும் சென்னையில் இருக்கும் எங்கள் பங்காளியின் கைப்பேசிக்குத் திருப்பிவிடுகிறோம். வலையமைப்பில் இருக்கும் ஏற்பாடு நம் மேசை நனைந்தாலும் நிற்காது என்பதால் இது பலிக்கிறது.

ஒரே லைன், ஒரே மெஷின் என்பதால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். ஒருவர் மூன்று நிமிடம் பேசிக்கொண்டிருக்கும்போது மற்றவருக்கு எங்கேஜ்ட். எங்களுக்கு மாலையில் ஆறேழு அழைப்புகளுக்கு மேல் வருவதில்லை என்பதால் இது பெரிய தடையாகவில்லை. கிளினிக், கல்யாண மண்டபம், டிராவல்ஸ் போல ஒரே நேரத்தில் பலர் கூப்பிடும் இடத்துக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவர்களுக்கு மாத வாடகைக்குக் கிடைக்கும் கிளவுட் டெலிபோன் சேவையே ஏற்றது. அதில் ஒவ்வோர் எண்ணுக்கும் தனி வாழ்த்துச் செய்தி வைக்கலாம், பல செய்திகளை ஒரே நேரத்தில் பதிவு செய்யலாம், மின்தடையைப் பற்றிக் கவலையில்லை. நாங்கள் அதையும் விசாரித்தோம். பெரியவர்களின் டைரியில் இருக்கும் 0413 எண்ணை விட மனமில்லை. ஒருமுறை காசு கொடுத்து வாங்கிய கருவி மாதந்தோறும் கேட்காது என்பதும் ஒரு காரணம்.

மதிப்பெண் போடுவதானால் மெஷினுக்குப் பத்துக்கு எட்டு. வெற்றுப் பதிவுகளுக்காக ஒன்றும், மின்சாரம் போனால் கடிகாரத்தை மறந்துவிடுவதற்காக ஒன்றும் குறைத்திருக்கிறேன். கைப்பேசி நிறுவனத்தின் ஃபார்வர்டிங் சேவைக்கு ஆறு. வைத்த பிறகு ஒருமுறையும் தானாகப் பிழைக்கவில்லை, ஆனால் வினாடியை மாற்றுவதற்கு மெனுவில் இடம் இல்லை, வாடிக்கையாளர் சேவையில் அதைப் பற்றித் தெரிந்தவர் கிடைக்க நான்கு நாள் ஆயிற்று. லேண்ட்லைன் ஃபார்வர்டிங்குக்கு ஏழு. அதில் இரண்டு, தானே நேரில் வந்து, பழைய ஏற்பாட்டை நீக்கி, மூன்று எண்களிலிருந்தும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டுப் பார்த்துச் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போன ஊழியருக்காக. கடைக்கு நான்கு, விற்ற பொருளை அவர்களே ஒருமுறையாவது ஃபார்வர்டிங்குடன் சேர்த்துச் சோதித்திருக்கலாம்.

மார்ச் மாதக் கடைசி ஞாயிறு பிரான்சில் கடிகாரம் ஒரு மணி முன்னே போகும். அன்றிலிருந்து மாலை அழைப்புகள் எங்களுக்கு ஒரு மணி நேரம் முன்பாகவே, அலுவலகம் திறந்திருக்கும்போதே வரத் தொடங்கும். அந்தத் திங்கட்கிழமை மெஷினில் மணி எண்ணிக்கையை நான்கிலிருந்து ஐந்தாக்கி, எடுக்க ஓடி வருவதற்கு மூன்று வினாடி கூடுதலாக வைத்துக்கொள்வோம். அக்டோபர் கடைசி ஞாயிறு கழிந்ததும் மறுபடி நான்கு.